சரளைக்கல் டிரைவ்வேயில் பனி: இயந்திரமா, ஆளா?

கேள்வி: ரொறன்ரோவிலிருந்து வடக்கே பேரி பக்கம் வீடு வாங்கிப் போயிருக்கிறோம். வீதியிலிருந்து கராஜ் வரை நீளமான சரளைக்கல் பாதை. பழைய வீட்டில் வைத்திருந்த சின்ன ஸ்னோ புளோவர் (பனியை வாரி எறியும் இயந்திரம்) போதுமா? புதிது வாங்குவதா, ஆள் வைப்பதா?

பதில்: உங்களிடம் இருப்பது சிங்கிள் ஸ்டேஜ் என்று நினைக்கிறேன். அதன் ரப்பர் துடுப்புகள் தரையை உரசிக்கொண்டே சுழலும். தார்ப் பாதைக்கு அருமை. சரளையிலோ பனியோடு கல்லையும் வாரி எறியும். கார்க் கண்ணாடி, பக்கத்தில் நிற்கும் பிள்ளை என்றெல்லாம் பார்க்காது. விற்றுவிடுங்கள்.

வாங்குவதென்றால் டூ ஸ்டேஜ்தான்: முன்னாலுள்ள திருகு பனியை உள்ளே இழுக்கும், பின்னாலுள்ள விசிறி அதை வெளியே வீசும். இரு பக்கமும் தரையில் சறுக்கும் ஸ்கிட் ஷூ என்ற தகடுகளைச் சரிசெய்து, வாய் தரையிலிருந்து ஓர் அங்குலம் உயர்ந்து நிற்கும்படி வையுங்கள். அந்த ஓர் அங்குலப் பனி மிஞ்சும். மிஞ்சட்டும்! தரை தெரியச் சுரண்டப் போனால்தான் வம்பு. முதல் ஒன்றிரண்டு பனிப்பொழிவை அள்ளாமல் காரை ஓட்டி அமுக்கிவிட்டால், அது உறைந்து கல்லைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் வெயில் அடித்து இளகினால் மறுபடி கவனம் தேவை. கல் சிக்கினால், திருகைத் தண்டோடு பிணைக்கும் ஷியர் பின் என்ற சின்ன ஆணி உடையும். கியர்பாக்ஸைக் காப்பாற்ற உடைவதற்கென்றே செய்தது அது. கூடுதலாக நாலைந்து வாங்கி வையுங்கள். அதற்குப் பதில் சாதாரண போல்ட் போடாதீர்கள். அடைப்பு எடுக்க எஞ்சினை நிறுத்திவிட்டுக் குச்சியால் குத்துங்கள், கையை விடவே கூடாது.

காலை ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்புகிறவர்கள் என்றால், முதல் குளிர்காலத்துக்கு ஆள் வைப்பதே நல்லது என்பேன். ஜோர்ஜியன் விரிகுடாவின் ஈரக்காற்று அங்கே கொட்டும் பனி நீங்கள் ரொறன்ரோவில் பார்த்தது போல இராது. எத்தனை சென்டிமீட்டர் விழுந்தால் வருவார்கள், தடவைக்கு இவ்வளவா, சீசனுக்கு மொத்தமா, காப்புறுதி உண்டா என்று கேளுங்கள். அவர்கள் வண்டியில் பனி தள்ளும் பிளேடின் அடியில் ரப்பர் விளிம்போ ஷூவோ இருக்கிறதா என்பதும் முக்கியம். புல்தரைக்குப் போன சரளையை வசந்தத்தில் யார் வாரிப் போடுவது? அதையும் எழுத்தில் வாங்குங்கள். வீட்டு வாசலுக்கு வந்து கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தை ஒன்ராறியோவில் 10 நாட்களுக்குள் ரத்துசெய்யலாம்.

அப்புறம், பனி மூடினாலும் பாதை எது என்று தெரிய, ஓரங்களில் தரை உறையும் முன்பே கம்பு நட்டுவிடுங்கள். அள்ளிய பனியை வீதியில் தள்ளுவது ஒன்ராறியோ போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். ஆள் வைத்தால் அவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.