புகை நுரையீரலோடு நின்றுவிடுமா?

கேள்வி: எழுபது வயதை நெருங்கும் என் தந்தைக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். தினமும் விடியற்காலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையோரமாகவே நடந்துவிட்டு வருகிறார். வேண்டாம் என்றால், "புகை நுரையீரலுக்குத்தானே கெடுதல், இதயத்துக்கு என்னம்மா?" என்கிறார். அவர் சொல்வது சரியா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: சரியில்லை. வெளிக்காற்று மாசினால் 2019இல் உலகெங்கும் நேர்ந்த அகால மரணங்களில் ஏறத்தாழ 68 விழுக்காடு இதய நோயாலும் பக்கவாதத்தாலும் நேர்ந்தவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நுரையீரல் புற்றுநோயின் பங்கு 4 விழுக்காடுதான்.

டீசல் புகையில், தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகள்கள் இருக்கின்றன. இவை மூக்கிலோ தொண்டைச் சளியிலோ சிக்காமல் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை இறங்கி அங்கே அழற்சியை உண்டாக்குகின்றன. அவற்றிலும் மிக நுண்ணியவை ரத்தத்திலேயே கலந்துவிடுகின்றன. அதனால் ரத்தக்குழாய்கள் இறுகி, அழுத்தம் உயர்ந்து, ரத்தம் உறையும் தன்மையும் கூடுகிறது. ஏற்கெனவே கொழுப்பு படிந்திருக்கும் குழாயில் அந்தப் படிவு பிளந்து, அதன்மேல் ரத்தம் கட்டிக்கொண்டால் அதுதான் மாரடைப்பு. ஸ்டென்ட் சரிசெய்வது ஓரிடத்து அடைப்பை மட்டுமே. மற்ற இடங்களில் இருக்கும் படிவுகளை அது தொடுவதில்லை.

அமெரிக்காவின் ஆறு ஊர்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஹார்வர்டு ஆய்வாளர்கள், புகைப்பழக்கம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும், மாசு மிகுந்த ஸ்டூபன்வில் என்ற உருக்காலை ஊரில் இறப்பு விகிதம், காற்று தூய்மையாக இருந்த ஊரைவிட 26 விழுக்காடு கூடுதலாக இருந்ததை 1993இல் வெளியிட்டார்கள். தனி மனிதருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து சிகரெட்தான், மறுக்கவில்லை. ஆனால் சிகரெட்டை விட்டுவிடலாம், மூச்சை விட முடியுமா?

இதற்காக அப்பாவின் நடையை நிறுத்திவிடாதீர்கள், இடத்தை மட்டும் மாற்றுங்கள். பெரிய சாலையிலிருந்து இருநூறு மீட்டர் உள்ளே தள்ளிப் போனாலே புகை வெகுவாகக் குறையும். மார்கழி, தை மாத விடியலில் குளிர்ந்த காற்று தரையோடு தங்கிப் புகையைக் கலையவிடாது என்பதால், அப்போது சற்று வெயில் ஏறிய பிறகு நடக்கட்டும். போகியன்று வீட்டிலேயே இருந்தாலும் பாதகமில்லை. துண்டால் மூக்கைச் சுற்றிக்கொள்வது இந்தத் துகள்களைத் தடுக்காது. என்95 முகக்கவசம் தடுக்கும். ஆனால் அதை அணிந்து நடப்பது அவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று இதய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: அவர் படுக்கும் அறையில் கொசுவர்த்திச் சுருள் கொளுத்துகிறீர்களா? ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியாகும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்குச் சமம் என்று ஓர் ஆய்வு கண்டிருக்கிறது. அவர் கட்டிலுக்கு ஒரு கொசுவலை வாங்கிக் கட்டிவிடுங்கள்.