ஸ்பானிஷுக்கு ஆங்கிலம் வழியாகப் போக வேண்டாம்

கேள்வி: செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ரயிலில் வேலைக்குப் போய் வருகிறேன். ஒலிப்பாடங்கள் கேட்டே ஸ்பானிஷில் ஆரம்பநிலையை முடித்துவிட்டேன். கேட்டால் ஓரளவு புரிகிறது. சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்ல மொழிபெயர்ப்புச் செயலி வேண்டியிருக்கிறது. அடுத்து என்ன செய்வது?

பதில்: செயலியில் ஆங்கிலத்தைத்தானே போடுகிறீர்கள்? சிக்கல் அங்கேதான். 'ஐ லைக் காபி' என்று யோசித்தால் வாக்கியத்தை 'நான்' என்று தொடங்கத் தோன்றும். ஸ்பானிஷ்காரர்கள் 'மே குஸ்தா எல் கஃபே' என்பார்கள். நம் 'எனக்குக் காபி பிடிக்கும்' மாதிரியேதான். 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதும் அப்படியே, 'மே துவேலே லா கபேசா'. 'பேசுகிறேன்' என்றாலே நான் என்று தெரிவதுபோல 'ஆப்லோ' போதும். நீ, நீங்கள் வித்தியாசம்கூட 'தூ', 'உஸ்தெத்' என்று இருக்கிறது. ஆங்கில 'யூ'வில் அது தொலைந்துபோகும்.

இடைநிலையில் பலரையும் மடக்குவது இறந்தகாலம். நேற்று ஆற்றுக்குப் போனேன் என்றால் 'ஃபுயி'. சின்ன வயதில் தினமும் ஆற்றுக்குப் போவேன் என்றால் 'இபா'. தமிழ்க் காதுக்கு இது புதிதல்ல. ஆனால் 'நீ வர வேண்டும் என்று விரும்புகிறேன்' என்னும்போது 'வருகிறாய்' என்று பொருள்தரும் 'வியெனெஸ்' என்பது 'வெங்காஸ்' ஆகிறதே, அதற்குத் தமிழும் கைகொடுக்காது. 'கியேரோ கே வெங்காஸ்' என்று முழு வாக்கியமாகவே மனதில் ஏற்றுங்கள்.

செயலியைத் திருப்பிப் போடுங்கள். தினம் ஐந்து வாக்கியம் நீங்களே ஸ்பானிஷில் எழுதிவிட்டு, அது என்ன பொருள் தருகிறது என்று பாருங்கள். ஒரு எச்சரிக்கை: தப்பாக எழுதினாலும் அது பெரும்பாலும் ஊகித்துச் சரியான பொருளைத் தந்துவிடும். அந்தப் பொருளை மறுபடி ஸ்பானிஷுக்கு மாற்றி, உங்கள் வாக்கியத்துடன் ஒப்பிட்டால்தான் குட்டு வெளிப்படும்.

பாடங்களை வீட்டிலேயே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்தால் சிக்னலை நம்ப முடியாது. கேள்வி வந்ததும் நிறுத்தி, வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் ஃபோன் பேசுவதாக நினைத்துக்கொள்வார். அப்புறம், 'பெரோ' என்றால் ஆனால், 'பெறோ' என்றால் நாய். மலையாளம் பேசும் புனலூர்க்காரர்கள் கரியையும் கறியையும் பிரித்துச் சொல்வதைக் கவனியுங்கள். அந்த அழுத்தமான ற-வை இன்னும் கொஞ்சம் உருட்டினால் போதும்.

ஆரம்பப் பாடங்களையே திரும்பத் திரும்பக் கேட்பதை விட்டுவிடுங்கள். 'ரேடியோ அம்புலாந்தே' ஒலிக்கதைகளுக்கு எழுத்து வடிவமும் இணையத்தில் கிடைக்கிறது. போகும்போது ஐந்து நிமிடப் பகுதியை வெறுமனே கேளுங்கள். திரும்பும்போது அதையே எழுத்தைப் பார்த்தபடி கேளுங்கள்.