பல் துலக்காத முனிவர்களும் நம் ஈறுகளும்: கேள்வி பதில்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய சமணச் சிற்பங்கள் இருக்கும் சிதறால் மலைக்குப் போய்வந்தவர்கள் சிலர் சமணத் துறவிகளின் பல், ஈறு பற்றிக் கேட்டிருந்தார்கள். கூடவே சொந்தப் பல்லைப் பற்றியும் கேள்விகள் வந்தன. ஈறு நோய் பார்க்கும் டாக்டர் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தக்கலை, கல்லூரி மாணவர்: சிதறால் மலையில் தீர்த்தங்கரர் (சமணர் வணங்கும் ஞானிகள்) சிற்பங்களைப் பார்த்தோம். சமண முனிவர்கள் பல்லே தேய்க்க மாட்டார்கள் என்று கூட வந்த மாமா சொன்னார். உண்மையா?

உண்மைதான் தம்பி. ஆடை துறந்த சமணப் பிரிவான திகம்பரத்தின் முனிவர் ஏற்கும் 28 மூலகுணங்களில், அதாவது அடிப்படை விரதங்களில், பல் துலக்காமையும் ஒன்று. குளிக்காமை, நின்றபடியே கையில் வாங்கி உண்பது, நாளுக்கு ஒரே வேளை உணவு எல்லாம் அதே வரிசையில் வருகின்றன. விரல், நகம், குச்சி, கல், மரப்பட்டை எதைக்கொண்டும் பல்லழுக்கை எடுக்காமல் இருப்பது என்று திகம்பர முனிவர்களின் ஒழுக்க நூலான மூலாசாரம் இதை விளக்குகிறது. உடம்பைப் பேணும் ஆசையை அடக்குவதற்கான விரதம் இது, சோம்பல் என்று நினைத்துவிடாதே. சாப்பிட்டு முடித்ததும் வாய் கொப்பளிப்பார்கள். பழைய சமயச் சண்டைகளில் இதை வைத்து அவர்களை நிறைய இகழ்ந்திருக்கிறார்கள். அந்தப் பேச்சை நாமும் தூக்கிச் சுமப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

மார்த்தாண்டம், ஆசிரியை: அப்படியென்றால் அவர்களுக்குப் பல்லெல்லாம் சொத்தையாகாதா டாக்டர்?

சொத்தை வேறு, ஈறு நோய் வேறு டீச்சர். சொத்தைக்கு முக்கியக் காரணம் இனிப்பும், அதை எத்தனை தடவை வாயில் போடுகிறோம் என்பதும். ஒரே வேளை உண்பவருக்கு, பல்லை அமிலம் அரிக்கும் நேரமும் குறைவு. நாம் காலைக் காப்பி தொடங்கி ராத்திரி பழம்வரை வாயைச் சும்மா விடுவதில்லையே.

ஈறு விஷயம் அப்படி இல்லை. பல்லில் படியும் கிருமிப் படலத்துக்கு நம் சாப்பாடு வேண்டும் என்பதே இல்லை. எச்சிலும் ஈறு ஓரத்தில் கசியும் நீரும் போதும். பட்டினி கிடந்தாலும் படலம் வளரும். 1965-இல் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சரியாகிவிட்டது.

அதே லோ, இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரை 1970 முதல் 15 வருடம் கவனித்தார். யாரும் பல்லை முறையாகச் சுத்தம் செய்பவர்கள் இல்லை. சொத்தை கிட்டத்தட்ட இல்லவே இல்லை, ஆனால் ஏறக்குறைய எல்லோருக்கும் ஈறு அழற்சி. அதில் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக முற்றியது, 81 சதவீதம் பேருக்கு மிதமான வேகத்தில். மீதி 11 சதவீதம் பேருக்கு அழற்சிக்கு மேல் போகவே இல்லை. ஆகவே ஒரு முனிவரின் பல் எண்பது வயதிலும் உறுதியாக இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் அவரைப் பார்த்து நாம் பிரஷ்ஷைத் தூக்கிப் போடக் கூடாது. அந்த 11 சதவீதத்தில் நாம் ஒருவரா என்று யாருக்குத் தெரியும்?

நாகர்கோவில், சமணக் குடும்பத்தலைவி: எங்கள் ஊர்வழி வந்த சுவேதாம்பர சாத்வி (வெள்ளை உடுத்தும் சமணப் பிரிவின் பெண் துறவி) ஒருவருக்கு ஈறில் ரத்தம் வருகிறது. விரதம் கெடாமல் சிகிச்சை செய்ய முடியுமா?

முடியும் அக்கா. ஏற்பதா வேண்டாமா என்பதை அவரும் அவருடைய குருவும்தான் தீர்மானிக்க வேண்டும், அதில் டாக்டர் தலையிடக் கூடாது. டாக்டரிடம் நீங்கள் முன்கூட்டியே சில விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். பெண் டாக்டர் வேண்டும். சூரியன் மறைவதற்குள் முடிய வேண்டும். மின்சார மெஷின் அவர்களுக்கு ஆகாத பச்சைத் தண்ணீரைப் பீய்ச்சும், அதற்குப் பதில் கைக்கருவியால் சுரண்டி எடுக்கலாம். நேரம் கூடுதலாகும், பலன் குறையாது. கொப்பளிக்கக் கொதித்து ஆறிய தண்ணீரை நீங்களே கொண்டுபோங்கள். உணவு கொடுக்கும்போது இனிப்பையும் உலர்பழத்தையும் முதலில் கொடுத்து, கடைசியில் தண்ணீர் தாராளமாகக் கொடுத்தால் அதுவும் உதவி. சர்க்கரை நோய் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு சரியாக ஆறாது.

குலசேகரம், ரப்பர் பால் வெட்டுபவர்: உமிக்கரியும் உப்பும்தான் நமக்குப் பழக்கம். போதாதா?

உமிக்கரி பளபளப்பாக்கும் அண்ணே, கூடவே பல்லையும் தேய்த்துவிடும். ஈறை ஒட்டிய பல்லின் கழுத்துப் பகுதியில் பள்ளம் விழுந்து கூச்சம் வரும். மென்மையான பிரஷ், ஃபுளோரைடு பேஸ்ட், அது போதும். ஈர்க்கிலை இரண்டாகக் கிழித்து நாக்கு வழிப்பதை விடவேண்டாம், நல்ல பழக்கம். ஓரம் கீறாமல் பார்த்துக்கொண்டால் சரி.

அருமனை, இல்லத்தரசி: பல் கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்கிறார்களே?

கண்ணாடி முன்னால் நின்று கீழ் முன்பல்லின் உள்பக்கத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று மஞ்சளாக ஒரு திட்டு தட்டுப்பட்டால் அதுதான் காரை. எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து கிருமிப் படலத்தில் இறுகிக் கல்லானது. அது ஈறுக்குள் இறங்க இறங்க எலும்பு கரையும். காரை சிமெண்ட் போலப் பல்லுகளை ஒட்டி வைத்திருப்பதால் ஆட்டம் தெரியாது. எடுத்த பிறகு, முன்பே இருந்த ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான். பயந்து தள்ளிப்போட்டால் எலும்புதான் இன்னும் போகும். முதல் தடவை ரத்தம் வந்தாலும் இரண்டு வாரத்தில் ஈறு இறுகும்.

நாகர்கோவில், அதே அக்கா: எங்கள் சமணப் பண்டிகையான பர்யூஷணின் எட்டு நாள் உபவாசத்தில் வாய் நாறுகிறது, வெந்நீர் மட்டும்தான் குடிக்கிறேன்.

சாப்பிடாதபோது எச்சில் குறையும், உடம்பு கொழுப்பை எரிப்பதாலும் மூச்சில் ஒரு வாடை வரும். உபவாசம் முடிந்ததும் போய்விடும். பகலில் அந்த வெந்நீரையே அடிக்கடி ஒவ்வொரு வாயாகக் குடியுங்கள். பேஸ்ட் கூடாது என்றால், உங்கள் நியமம் அனுமதிக்கிறபட்சத்தில், வெறும் பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்துத் தேய்த்தாலே படலம் போகும். ஈறைக் காப்பது முக்கியமாகத் தேய்ப்புதான். உபவாசம் தொடங்குவதற்கு முந்தின வாரமே கிளீனிங் முடித்துவிடுங்கள்.