மைதா இல்லாமல் சாக்லேட் ஹேசல்நட் கேக் வீட்டில் செய்ய முடியுமா? செய்தால் நடுவில் அமுங்கிவிடுகிறதே, என்ன காரணம்?

தாராளமாகச் செய்யலாம். அமுங்குவதைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த கேக் அமுங்கத்தான் செய்யும். மைதா போட்ட கேக்கில் மாவில் இருக்கும் குளூட்டன் என்ற புரதமும் ஸ்டார்ச்சும் சேர்ந்து கேக்கைத் தாங்கிப் பிடிக்கும். இதில் அது கிடையாது. அடித்த முட்டைக்குள் இருக்கும் காற்றும் நீராவியும்தான் அவனில் கேக்கை மேலே தூக்குகின்றன. வெளியே எடுத்து ஆறியதும் அந்த நீராவி அடங்கும், கேக்கும் இறங்கும். ஓரம் சற்று உயர்ந்து, நடுப்பகுதி ஒரு சென்டிமீட்டர் போலத் தாழ்ந்து, மேலே மெல்லிய ஓடு வெடித்திருந்தால் கேக் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம். நடுவில் கிணறு மாதிரி இறங்கி, உள்ளே கூழாக இருந்தால் மட்டும் வேகவில்லை என்று பொருள்.

சாக்லேட்டையும் ஹேசல்நட்டையும் சேர்க்கும் பழக்கம் இத்தாலியின் பீட்மாண்ட் பகுதியில் ஊறிய ஒன்று. நெப்போலியன் 1806இல் பிரிட்டிஷ் வணிகத்தைத் தடை செய்தபோது கொக்கோ கிடைப்பது அரிதானதால், டூரின் நகரத்து சாக்லேட்காரர்கள் உள்ளூர் ஹேசல்நட்டை அரைத்துக் கலந்து ஒப்பேற்றினார்கள் என்று சொல்வார்கள். அந்தக் கலவைக்கு ஜியாந்தூயா என்று பெயர். நாம் கடையில் வாங்கும் நுட்டெல்லாவும் அந்த வழி வந்ததுதான். 1964இல் அதே பகுதியில் இருக்கும் ஆல்பா ஊரில் தொடங்கியது. அங்கே லாங்கே மலைப்பக்கத்து வீடுகளில் ஹேசல்நட் கேக் சாதாரணமாகச் செய்வார்கள், மாவே போடாமல் செய்கிறவர்களும் உண்டு.

சரி, அளவுக்கு வருவோம். ஒன்பது அங்குல டின்னுக்கு டார்க் சாக்லேட் 200 கிராம், வெண்ணெய் 150 கிராம், சர்க்கரை 150 கிராம், தோல் நீக்கிய ஹேசல்நட் 150 கிராம், முட்டை ஐந்து. கூடவே ஒரு மேசைக்கரண்டி கெட்டி டிகாக்ஷன். காபி வாசனை தனியாகத் தெரியாது, சாக்லேட்டின் கசப்பை மட்டும் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். கடையில் கிடைக்கும் டேபிள் பட்டரில் உப்பு இருக்கும், அதையே போட்டால் தனியாக உப்பு வேண்டாம். உப்பில்லாத வெண்ணெய் என்றால் ஒரு சிட்டிகை சேருங்கள். பேக்கிங் பவுடர் தேவையே இல்லை.

சாக்லேட் வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். காம்பவுண்ட் என்று விற்பதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். அலங்காரத்துக்கு அது போதும், இந்த கேக்குக்குப் போதாது. வாயில் மெழுகு மாதிரி ஒட்டும். 55 முதல் 60 சதவீதம் கொக்கோ உள்ள டார்க் சாக்லேட் எடுத்தால் வீட்டில் குழந்தைகளும் சாப்பிடுவார்கள். 70க்கு மேல் போனால் சர்க்கரையைச் சற்றுக் கூட்ட வேண்டியிருக்கும்.

இனி ஹேசல்நட். என்னைக் கேட்டால் இந்த கேக்கின் தலையெழுத்து இங்கேதான் தீர்மானமாகிறது. மைதா பார்க்க வேண்டிய வேலையை இங்கே பருப்புதான் பார்க்கிறது, அதனால் சாக்லேட்டுக்குக் கொடுக்கும் கவனத்தை விடக் கூடுதலாகவே இதற்குக் கொடுக்கலாம். நமக்கு வருவது இறக்குமதிச் சரக்கு. உலகத்தில் அதிகம் விளைவது துருக்கியின் கருங்கடல் கரையோரத்தில். இவ்வளவு தூரம் வந்து அலமாரியில் கிடந்த பருப்பில் சிக்கு வாடை ஏறியிருக்கலாம். முடிந்தால் ஒன்றைக் கடித்துப் பார்த்து வாங்குங்கள். பழைய எண்ணெய் மாதிரி நாக்கில் கசந்தால் வேண்டாம், எவ்வளவு வறுத்தாலும் அது போகாது.

பருப்பை அவனில் 160 டிகிரி செல்சியஸில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வறுக்க வேண்டும். ஹேசல்நட்டின் உண்மையான வாசனை வறுத்தால்தான் எழும்பும், பச்சையாக அரைத்துப் போட்டால் ஏதோ ஒரு பருப்பு என்ற அளவில்தான் இருக்கும். கடிகாரத்தை விட மூக்கை நம்புங்கள். தோல் வெடித்து, உள்ளே பருப்பு வெளிர் பொன்னிறமாகி, சமையலறை முழுக்க மணம் வந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் இரண்டு நிமிடம் விட்டாலே நடுப்பகுதி கருகிவிடும். சூட்டோடு ஒரு பருத்தித் துணியில் கொட்டி மூட்டை கட்டி, ஐந்து நிமிடம் கழித்துத் தேய்த்தால் தோல் உதிரும். அங்கங்கே கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் பரவாயில்லை, சாக்லேட் நிறத்தில் எதுவும் தெரியாது.

அரைப்பதற்கு முன் பருப்பு முழுக்க ஆற வேண்டும். அதில் பாதிக்கு மேல் கொழுப்புதான். சூடாக மிக்ஸியில் போட்டால் எண்ணெய் விட்டு, வேர்க்கடலை வெண்ணெய் மாதிரி ஜாரின் அடியில் அப்பிக்கொள்ளும். எடுத்து வைத்த சர்க்கரையிலிருந்து இரண்டு கரண்டி சேர்த்து, சின்ன ஜாரில் பாதியளவு மட்டும் போட்டு, விட்டு விட்டு ஓட்டுங்கள். சர்க்கரை, வெளிவரும் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். ரவைப் பதம் போதும். விரலுக்கிடையில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்று இருக்க வேண்டும், பிசுபிசுக்கக் கூடாது. மாவு மாதிரி நைசாக வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள், அந்த ரவைதான் கேக்குக்குக் கடிபடும் சுகத்தைத் தருகிறது.

மீதி வேலை சீக்கிரம் முடியும். சாக்லேட்டையும் வெண்ணெயையும் டபுள் பாயிலிங்கில், அதாவது வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து, உருக்குங்கள். கீழே தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டாம், ஒரு சொட்டு உள்ளே தெறித்தாலும் சாக்லேட் திரிந்து கட்டியாகிவிடும். மீதிச் சர்க்கரையில் பாதியை மஞ்சள் கருவோடு வெளுக்கும் வரை அடித்து, வெதுவெதுப்பாக ஆறிய சாக்லேட்டையும் டிகாக்ஷனையும் கலந்து, அரைத்த பருப்பைச் சேருங்கள். முட்டை ஃபிரிட்ஜிலிருந்து நேராக வந்ததாக இருக்கக் கூடாது, குளிர்ச்சி பட்டால் சாக்லேட் இறுகிவிடும்.

வெள்ளைக் கருவை எண்ணெய்ப் பசை இல்லாத பாத்திரத்தில் அடித்து, நுரைத்து வரும்போது மிச்சச் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பீட்டரைத் தூக்கினால் நுனி மெல்லத் தலைசாய வேண்டும், அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். விறைப்பாக நிற்கும் வரை அடித்தால் கலக்கும்போது திட்டுத் திட்டாக நிற்கும், அதை உடைக்கக் கிளறக் கிளறக் காற்றெல்லாம் போய்விடும். முதலில் ஒரு கரண்டி நுரையைப் போட்டு சாக்லேட் கலவையைத் தளர்த்திவிட்டு, மீதியை இரண்டு தவணையாக கட் அண்ட் ஃபோல்ட் முறையில், அதாவது கரண்டியால் நடுவில் வெட்டி அடியிலிருந்து மேலே மடித்து, மெதுவாகச் சேருங்கள். வெள்ளைக் கோடு ஒன்றிரண்டு தெரிந்தாலும் கவலை இல்லை.

அடியிலும் ஓரத்திலும் பட்டர் பேப்பர் போட்ட டின்னில் ஊற்றி, ப்ரீஹீட் செய்த அவனில் 160 டிகிரியில் 35 நிமிடம். ஓடிஜி என்றால் கீழ்த்தட்டில் வையுங்கள், மேல் கம்பிக்குப் பக்கத்தில் வைத்தால் உள்ளே வேகும் முன் மேலே கருகும். குச்சியைக் குத்திப் பார்க்கும்போது மைதா கேக் மாதிரி சுத்தமாக வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், அப்படி வந்தால் கேக் காய்ந்துவிட்டது. ஈரமான துகள் ஒட்டி வர வேண்டும். ஓடுகிற மாவு வந்தால் இன்னும் ஐந்து நிமிடம். டின்னிலேயே முழுக்க ஆறவிட்டு, அப்புறம் எடுங்கள். சூட்டில் கவிழ்த்தால் நொறுங்கிவிடும். மறுநாள் ருசி இன்னும் கூடும். வெந்நீரில் முக்கித் துடைத்த கத்தியால் வெட்டினால் துண்டு சுத்தமாக வரும். ஃபிரிட்ஜில் நான்கு நாள் தாங்கும், ஆனால் பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். குளிரில் வெண்ணெயும் கொக்கோ வெண்ணெயும் கல்லாகி, ருசியே தெரியாது.

குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்களுக்காகச் செய்கிறீர்கள் என்றால் கேக்கில் மைதா இல்லாதது மட்டும் போதாது. சாக்லேட் பாக்கெட்டில் கோதுமை கலந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை இருக்கிறதா பாருங்கள், டின்னும் ஜாரும் நன்றாகக் கழுவியதாக இருக்கட்டும். விருந்தாளிகளில் யாருக்காவது பருப்பு அலர்ஜி உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.

விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அதே அளவு பாதாம் போடலாம், நன்றாகவே வரும். இத்தாலியின் காப்ரித் தீவில் செய்யும் டோர்ட்டா காப்ரேஸே என்ற கேக் கிட்டத்தட்ட அதுதான். முந்திரியில் செய்ய நான் சொல்ல மாட்டேன், கேக் சப்பென்று போய்விடும். முட்டை இல்லாமல் செய்யலாமா என்று நிச்சயம் யாராவது கேட்பீர்கள். இந்த கேக்கில் முடியாது, மைதாவையும் எடுத்து முட்டையையும் எடுத்தால் தாங்க எதுவும் மிஞ்சாது. முட்டை சாப்பிடாத வீடு என்றால் இதே ஹேசல்நட்டை வறுத்து அரைத்து, உருக்கிய சாக்லேட்டும் கண்டென்ஸ்டு மில்க்கும் சேர்த்துத் தட்டில் கொட்டி பர்ஃபியாகத் துண்டு போடுங்கள். அவனே தேவைப்படாது.