எங்கள் பகுதிப் பிள்ளைகளைப் போதைப் பழக்கம் அண்டாமல் இருக்க, அவர்களையே எப்படித் தயார்படுத்துவது?

சேலம் அம்மாப்பேட்டையில் உயர்நிலை, மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். பேரணி, உறுதிமொழி, புற்றுநோய் வந்த வாயின் படம் ஆகியவற்றோடு நம் கடமை முடிந்துவிடுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. வெறும் பயமுறுத்தல் பலன் தருவதில்லை என்பதை ஐ.நா.வின் போதைத் தடுப்பு நெறிமுறைகளே சொல்கின்றன.

பதினான்கு வயதுப் பையனுக்குப் புகையிலை கெடுதல் என்பது நன்றாகவே தெரியும். கூடப் படிக்கும் நண்பன் கூல் லிப் (உதட்டுக்குள் அடக்கி வைக்கும் புகையிலை) பொட்டலத்தை நீட்டும்போது, நட்பும் கெடாமல் மானமும் போகாமல் எப்படி மறுப்பது என்பதுதான் தெரியாது. ஆகவே எங்கள் வகுப்பில் அதை நடித்தே பழகுகிறார்கள். ஒருவன் "ஒரு தடவை வெச்சுப் பாருடா, ஒண்ணும் ஆகாது" என்று வற்புறுத்துவான். மற்றவன் "எனக்கு வேண்டாம்டா, கபடிக்கு நேரமாச்சு, வா போலாம்" என்று அவனையும் இழுத்துக்கொண்டு நடப்பான். முதலில் கூச்சப்படுவார்கள், பிறகு அவர்களாகவே புதுப்புதுப் பதில்களைச் சொல்லத் தொடங்குவார்கள். இதைப் பிளஸ் டூ படிக்கும் அண்ணன்களும் அக்காக்களும் நடத்தினால், பெரியவர்கள் சொல்வதைவிட நன்றாக மனதில் பதிகிறது.

"எல்லாரும்தான் போடுறாங்க" என்ற நினைப்பையும் உடைக்க வேண்டும். "உன் வகுப்பில் எத்தனை பேருக்கு இந்தப் பழக்கம் இருக்கும்? உனக்கு இருக்கிறதா?" என்று பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவர்களுடைய ஊகம் உண்மையைவிடப் பெரிதாக இருக்கும். அதை எண்ணிக் காட்டும்போது, பழக்கமில்லாத பிள்ளைகளுக்குத் தாங்கள் தனியாக இல்லை என்பது புரிகிறது.

சட்டத்தையும் சொல்லிக்கொடுங்கள். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள்ளும், 18 வயது நிரம்பாதவர்களுக்கு எங்குமே, புகையிலை விற்கக் கூடாது என்கிறது 2003ஆம் ஆண்டுச் சட்டம். சிறார்களுக்கு மது, புகையிலை, போதைப்பொருள் கொடுப்பவருக்கு 7 ஆண்டுவரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். ஆனால் கடைக்காரரிடம் நேரில் சண்டைக்குப் போகவோ உளவு பார்க்கவோ பிள்ளைகளை அனுப்பாதீர்கள். அவர்கள் கவனித்ததை எழுதிக் கொடுக்கட்டும், பெற்றோரும் தலைமையாசிரியரும் புகார் கொடுக்கட்டும்.

ஏற்கெனவே பழக்கத்தில் விழுந்த பிள்ளைக்கு டி.சி. கொடுத்து அனுப்புவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். எதையும் நிதானித்து முடிவெடுக்கும் மூளைப்பகுதி இருபது வயதைக் கடந்த பிறகும் வளர்ந்துகொண்டிருப்பதால், இந்த வயதில் பழக்கம் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது; அது நோய், சிகிச்சை வேண்டும். அவனைப் பெற்றோருடன் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற எண்ணிலும், வீட்டிலோ வெளியிலோ அவனுக்கு ஆபத்து இருந்தால் 1098 என்ற எண்ணிலும் கட்டணமின்றி அழைக்கலாம்.