நூலக மலரில் க்யூஆர் கோடு போட்டு பிடிஎஃப் இணைப்பது சரிவருமா?

(கேள்வி: எங்கள் ஊர் நூலக ஆண்டு மலரில் இடமில்லாத கட்டுரைகளை இணையத்தில் ஏற்றி, க்யூஆர் கோடு மூலம் இணைக்க நினைக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?)

தாராளமாகச் செய்யலாம். 2018-இல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களிலேயே க்யூஆர் கோடு இருக்கிறது. ஸ்கேன் செய்வது எப்படி என்று இனி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோடு என்பது கட்டங்களாக வரைந்த ஒரு முகவரிதான். அச்சில் ஏறிவிட்டால் அந்த முகவரியை மாற்ற முடியாது. ஆகவே அது உங்கள் கையில் இருக்கிற முகவரியாக இருக்கட்டும். இலவசமாகக் கோடு உருவாக்கித் தரும் சில தளங்கள் தங்கள் முகவரியை உள்ளே வைத்து, அதன் வழியாகத்தான் உங்கள் பக்கத்துக்கு அனுப்பும். சலுகைக் காலம் முடிந்ததும் பணம் கட்டச் சொல்லும் பக்கம்தான் வரும். கோடு கிடைத்தவுடன் ஸ்கேன் செய்து, நீங்கள் கொடுத்த முகவரியேதான் திரையில் தெரிகிறதா என்று பாருங்கள். வேறு ஏதாவது தெரிந்தால் அந்தத் தளமே வேண்டாம். நூலகத்தின் பெயரில் ஒரு டொமைன் (சொந்த இணையதளப் பெயர்) வாங்கி, அதில் ஒரு சின்ன முகவரியை பிடிஎஃப்-க்குத் திருப்பிவிடுவது உத்தமம். நாளைக்குக் கோப்பு இடம் மாறினாலும் மலரில் உள்ள கோடு வேலை செய்யும். டொமைனை மட்டும் வருடாவருடம் மறக்காமல் புதுப்பிக்க வேண்டும்.

முகவரியில் தமிழ் எழுத்து வேண்டாம். (சொல்லவே வருத்தமாகத்தான் இருக்கிறது.) இணைய முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் விழுக்காட்டுக் குறியோடு (%) ஒன்பது எழுத்தாக விரியும். ‘மலர்’ என்பதில் ம, ல, ர, புள்ளி என நான்கு. ஆக 36 எழுத்து. முகவரி நீள நீளக் கட்டங்கள் பொடியாகும். கோடு கொஞ்சம் சிதைந்தாலும் படிக்க முடிவதற்கான பிழைதிருத்த அளவுகளில், எம் என்கிற நடுத்தர அளவை வைத்தால், 26 எழுத்துக்குள் உள்ள முகவரிக்குச் சதுரத்தின் ஒவ்வொரு ஓரத்திலும் 25 கட்டம் போதும். கூகுள் டிரைவ் பகிர்வு முகவரியை அப்படியே போட்டால் 37 ஆகும். இரண்டு சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு கட்டம் 0.8 மில்லிமீட்டரிலிருந்து அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். சாதாரணத் தாளில் மை கொஞ்சம் ஊறினாலே திண்டாட்டம்.

டிரைவில்தான் வைக்கப்போகிறீர்கள் என்றால் ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று மாற்றிவிடுங்கள். சோதிக்கும்போது உங்கள் போன் ஆகாது. உங்கள் கணக்கில் அது எப்போதும் திறக்கும். சம்பந்தமே இல்லாத ஒருவர் போனில் திறக்கிறதா பாருங்கள். பிழை திருத்தினால் புதுக் கோப்பாக ஏற்றாதீர்கள், பழைய கோப்பிலேயே புதிய பதிப்பாக ஏற்றுங்கள். முகவரி மாறாது.

அச்சகத்தில் சொல்ல வேண்டியது: வெள்ளைப் பின்னணியில் தனிக் கறுப்பு, நான்கு கலர் கலந்த கறுப்பு வேண்டாம். சுற்றிலும் நான்கு கட்ட அகலம் வெற்றிடம் விடச் சொல்லுங்கள். லேஅவுட் செய்பவர்கள் பார்டரை ஒட்டிப் போடுவது வழக்கம். நடுவில் லோகோவும் வேண்டாம். கோடுக்குக் கீழே கட்டுரைத் தலைப்பையும் அந்தச் சின்ன முகவரியையும் எழுத்தில் போட்டுவிடுங்கள், கணினியில் படிப்பவர்கள் தட்டிக்கொள்வார்கள்.

புரூஃப் கையெழுத்தாவதற்கு முன் திரையில் அல்ல, தாளில் ஸ்கேன் செய்யுங்கள். மலிவான பழைய போனில்.