ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை, உடம்பு மட்டும் எழவில்லை

கேள்வி: எனக்கு 43 வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. 2021 மே மாதம் கொரோனா வந்து 9 நாட்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஆக்சிஜன் வைத்தார்கள், ஸ்டீராய்டு ஊசியும் போட்டார்கள். அதன் பிறகு பழைய உடம்பு திரும்பவே இல்லை. முன்பு விடியுமுன் தொடங்கி 300 மரம் வெட்டி, பாலும் எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டு வேலையும் பார்ப்பேன். இப்போது ஒரு நாள் முழுதாக வேலை செய்தால் அடுத்த இரண்டு நாட்கள் படுக்கைதான். குனிந்து நிமிர்ந்தால் நெஞ்சு படபடக்கிறது. அடுக்களைக்கு எதற்கு வந்தேன் என்பது மறந்துபோகிறது. ரத்தம், ஈசிஜி, எக்ஸ்ரே எல்லாம் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை என்கிறார்கள். ஒரு டாக்டர், மனசுதான் காரணம், தினமும் வேகமாக நடங்கள் என்றார். மாமியார் எனக்கு மடி (சோம்பல்) பிடித்துவிட்டது என்கிறார். போன ஆண்டு கணவரின் தம்பி 41 வயதில் திடீரென்று இறந்தார். தடுப்பூசிதான் காரணம் என்று ஊரில் பேச்சு. நானும் 2 ஊசி போட்டவள். எனக்கு என்ன ஆகும் டாக்டர்? கடைசிப் பையன் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அவனுக்கு இன்னும் வாசிப்பு சரளமாக வரவில்லை. அதுவும் ஒரு கவலை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் அந்த 'மடி' என்ற சொல்லை எடுத்து வெளியே போட்டுவிடுவோம். சோம்பேறிக்கு வேலை செய்யப் பிடிக்காது. உங்களுக்கோ வேலை செய்த பிறகுதான் உடம்பு விழுகிறது. இந்த வேறுபாடு உங்கள் கடிதத்திலேயே தெளிவாக இருக்கிறது. ஒரு நாள் உழைப்பு, இரண்டு நாள் படுக்கை என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி, நீங்கள் எடுத்த ரிப்போர்ட்டுகளை விட அதிகமாக எனக்குச் சொல்கிறது.

2006-ல் தமிழகத்திலும் கேரளத்திலும் சிக்குன்குனியா பரவியது உங்களுக்கு நினைவிருக்கும். காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது. மூட்டுவலி மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நின்றது. கைவிரலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவர்களை யாரும் மடி என்று சொல்லவில்லை. கிருமி போன பின்பும் அது செய்துவிட்டுப் போன வேலை உடம்பில் தங்கும் என்பதை அன்று ஊரே ஏற்றுக்கொண்டது. கொரோனாவுக்கும் அந்த நியாயம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் இதற்கு ஒரு வரையறை தந்தது: தொற்று வந்த 3 மாதங்களுக்குள் வெளிப்பட்டு, குறைந்தது 2 மாதமாவது நீடித்து, வேறு நோயால் விளக்க முடியாத களைப்பு, மூச்சிரைப்பு, மறதி போன்ற தொல்லைகள். லாங் கோவிட் என்று பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். தொற்று வந்த 100 பேரில் ஏறத்தாழ 6 பேருக்கு இது வருவதாக அந்த நிறுவனம் கணக்கிடுகிறது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைக்கும் அளவுக்குப் போனவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல்.

நீங்கள் எடுத்த பரிசோதனைகள் பொய் சொல்லவில்லை. அவற்றிடம் கேட்ட கேள்வி வேறு. சாதாரண ஈசிஜி, நீங்கள் அசையாமல் படுத்திருக்கும் சில நொடிகளில் இதயம் எப்படி ஓடுகிறது என்று காட்டும். உங்கள் தொல்லையோ குனிந்து நிமிரும்போது வருகிறது. நெஞ்சு எக்ஸ்ரே நுரையீரலின் படத்தைக் காட்டும். மூச்சுக்காற்றில் இருக்கும் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் எவ்வளவு திறமையாகக் கடக்கிறது என்பதைக் காட்டாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், கோவிட்டிலிருந்து மீண்ட 207 பேரின் நுரையீரலை அளந்து பார்த்து 2024-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் 44 விழுக்காட்டினருக்கு இந்தக் கடத்தும் திறன் குறைந்திருந்தது. நம் நாட்டு உடம்புகளில், நம் நாட்டு ஆஸ்பத்திரியில் செய்த ஆய்வு என்பதால் இதை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன்.

இனி, உழைத்தால் விழுவது ஏன்? 2024 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாமில் இருந்து ஓர் ஆய்வு வந்தது. லாங் கோவிட் உள்ள 25 பேர், நலமாக இருக்கும் 21 பேர். எல்லோரையும் முடிந்தவரை சைக்கிள் மிதிக்க வைத்து, அதற்கு முன்பும் மறுநாளும் தொடைத் தசையிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளின் தசையணுக்களில் சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்டிரியாவின் வேலைத்திறன் குறைவாக இருந்தது. மிதித்த பின் அது இன்னும் மோசமானது. தசை இழைகளில் சேதமும் தெரிந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் 'எல்லாம் மனசு' என்ற பேச்சுக்கு இதைவிட நேரான பதிலை நான் கண்டதில்லை. மறுநாள் உங்களால் எழ முடியாமல் போவதற்குத் தசைக்குள் காரணம் இருக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2021 கடைசியில் கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு மீனவர் என்னிடம் வந்தார். வலை இழுத்தால் அடுத்த நாள் எழ முடியவில்லை என்றார். பரிசோதனைகள் சரியாக இருந்தன. படுத்துக் கிடந்ததால் வந்த பலவீனம் என்று நினைத்து, தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்கச் சொல்லி, வாரந்தோறும் நேரத்தைக் கூட்டச் சொன்னேன். அவர் சொன்னபடி நடந்தார். மூன்றாவது வாரம் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் முகம் எனக்கு மறக்கவில்லை. கோவிட்டுக்கு முன்பே நீடித்த களைப்பு நோய் என்று ஒன்று உண்டு. அதிலும் உழைத்த பிறகு இப்படித்தான் உடம்பு விழும். அதற்கு உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் முறையைப் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி 2021 அக்டோபரிலேயே கைவிட்டிருந்தது. நான் அதைத் தாமதமாகத்தான் படித்தேன். ஆகவே உங்களை வேகமாக நடக்கச் சொன்ன மருத்துவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த அறிவுரையைப் பின்பற்ற வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

படபடப்புக்கு வருவோம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் கடிகாரமும் போதும். காலையில் 5 நிமிடம் அசையாமல் படுத்திருந்து நாடித்துடிப்பை எண்ண வேண்டும். பிறகு எழுந்து சாயாமல் நின்று, 10 நிமிடம் வரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எண்ண வேண்டும். ரத்த அழுத்தம் இறங்காமலேயே, துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் ஏறி அப்படியே நின்றால், நிமிரும்போது ரத்த ஓட்டத்தைச் சமன்படுத்தும் தானியங்கி நரம்புகள் தடுமாறுகின்றன என்று பொருள். கோவிட்டுக்குப் பின் இது பலருக்கு வருகிறது. வீட்டில் செய்தால் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். தலை சுற்றினால் உடனே படுத்துவிடுங்கள். உங்கள் வேலையோ மரத்துக்கு மரம் குனிந்து நிமிரும் வேலை. அதுவும் வெறும் வயிற்றில், ஒரு கட்டன் சாயாவோடு, இருட்டில் தொடங்குகிறது. படபடப்பைக் கூட்ட அது ஒன்றே போதும். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இல்லையென்றால், தோட்டத்துக்குப் போகுமுன் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் இரண்டு தம்ளர் குடியுங்கள். இடையிலும் தண்ணீர் கொண்டுபோங்கள். தொடை வரை இறுக்கிப் பிடிக்கும் காலுறை சிலருக்கு நல்ல பலன் தரும். இவை போதாவிட்டால் மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றை மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும்.

எல்லாவற்றையும் கொரோனா கணக்கில் எழுதிவிடவும் கூடாது. 2019-ல் உலகம் முழுவதும் 71 லட்சம் பேருக்குக் காசநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 2020-ல் அது 58 லட்சமாகக் குறைந்தது. நோய் குறையவில்லை, கண்டறிவதுதான் குறைந்தது. களியக்காவிளையில் கேரள எல்லை அடைபட்ட நாட்களில், திருவனந்தபுரத்தில் சிகிச்சை எடுத்துவந்த எத்தனையோ பேர் மருந்தில்லாமல் இருந்ததை நம் மாவட்டத்தார் அறிவோம். அப்படித் தள்ளிப்போன நோய்கள் இன்றும் வெளிவருகின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் சளிப் பரிசோதனை வேண்டும். அரசு மருத்துவமனையில் அது இலவசம். ஹீமோகுளோபின், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, பி12 ஆகியவற்றையும் பார்த்திருக்கிறார்களா என்று பழைய ரிப்போர்ட்டில் தேடுங்கள். 43 வயதில் மாதவிடாய் அதிகமாகப் போனால் ரத்தசோகை மட்டுமே இத்தனை களைப்பைத் தரும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றக்கூடும், அந்த ஊசி போட்டவர் நீங்கள். 3 மாத சராசரி சர்க்கரை அளவையும் ஒருமுறை பாருங்கள்.

உங்கள் கொழுந்தனாரின் மரணம் பற்றி. அந்த வயதில் ஒருவர் போவது வீட்டையே சாய்த்துவிடும். காரணம் தேடாமல் மனம் அமைதி அடையாது. உடலைப் பார்க்காமல் அவர் எதனால் இறந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஊர்ப் பேச்சுக்குப் பதில் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 47 மருத்துவமனைகளின் வழியாக, 18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென இறந்த 729 பேரையும், அதே வயதும் பாலினமும் கொண்ட, அதே பகுதியில் உயிருடன் இருக்கும் 2,916 பேரையும் ஒப்பிட்டது. முடிவு 2023-ல் வந்தது. தடுப்பூசி திடீர் மரண வாய்ப்பைக் கூட்டவில்லை. இரண்டு தவணை போட்டவர்களுக்கு வாய்ப்பு குறைவாகவே இருந்தது. வாய்ப்பைக் கூட்டியவை வேறு: முன்பு கோவிட்டுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தது, குடும்பத்தில் ஏற்கெனவே திடீர் மரணம் நடந்திருப்பது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுமீறிக் குடித்தது, அதே நேரத்தில் கடும் உடலுழைப்பு, போதைப்பொருள். கோவிஷீல்டு ஊசிக்கு மிக அரிதாக ரத்தம் உறையும் பக்கவிளைவு உண்டு என்பதையும் மறைக்க மாட்டேன். அது ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வருவது. ஆண்டுகள் கழித்து உங்களைத் தேடி வராது.

அந்தப் பட்டியலில் இரண்டு விஷயங்கள் உங்கள் வீட்டுக்குப் பொருந்துகின்றன. கோவிட்டுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தவர் நீங்கள். அமெரிக்காவில் கோவிட் வந்த 1,53,760 முன்னாள் படைவீரர்களைத் தொடர்ந்து கவனித்த 2022 ஆய்விலும், ஓராண்டுக்குள் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு மூன்றும் மற்றவர்களைவிடக் கூடியிருந்தன. அவர்களில் பெரும்பாலோர் வயதான ஆண்கள், அந்த எண்களை உங்கள் மேல் அப்படியே ஏற்றக் கூடாது. ஆனாலும் உங்களுக்கு ஒருமுறை இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ பரிசோதனை எடுப்பது நல்லது. இரண்டாவது, உங்கள் கணவர். திடீரென இறந்தவரின் உடன்பிறந்தவர் அவர். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி, எக்கோ எல்லாம் அவருக்கு இந்த மாதமே பார்க்க வேண்டும். உங்களைவிட அவரைப் பற்றித்தான் எனக்கு அவசரம் அதிகம்.

மருந்து என்ன என்று கேட்பீர்கள். லாங் கோவிட்டை ஒரே அடியாகக் குணப்படுத்தும் மாத்திரை இன்றுவரை இல்லை. கோவிட் கிருமிக்கான பாக்ஸ்லோவிட் மாத்திரையை 15 நாள் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் பலன் தெரியவில்லை. எதிர்ப்புச் சக்தி டப்பாக்களுக்கு உங்கள் கூலியைச் செலவழிக்காதீர்கள். அந்தப் பணத்துக்குச் சாளை மீனும் பயறும் முட்டையும் வாங்குங்கள்.

உங்களுக்கு நான் தரும் சிகிச்சை, உழைப்பை அளந்து செலவழிப்பது. ஒரு நோட்டு வாங்கி, 14 நாட்கள் எத்தனை மரம் வெட்டினீர்கள், என்னென்ன வீட்டு வேலை, அன்றும் மறுநாளும் மூன்றாம் நாளும் உடம்பு எப்படி என்று எழுதுங்கள். சரிவு பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் வரும்; அதனால்தான் எது காரணம் என்று பிடிபடாமல் போகிறது. இரண்டு வாரத்தில் உங்கள் எல்லை தெரிந்துவிடும். 120 மரத்தில் மறுநாள் எழ முடிகிறது, 180-ல் முடியவில்லை என்று தெரிந்தால், 100-ல் நிறுத்துங்கள். உடம்பு நன்றாக இருக்கும் நாளில்தான் ஆபத்து அதிகம். விட்டதையெல்லாம் அன்றே முடித்துவிடத் தோன்றும். அன்றும் 100தான். 40 மரத்துக்கு ஒருமுறை உட்காருங்கள், முடிந்தால் காலை நீட்டிப் படுங்கள். பால் சுமப்பதை வேறொருவர் செய்யட்டும். காய்கறி நறுக்குவதும் துணி மடிப்பதும் உட்கார்ந்தே நடக்கலாம்.

கூலி குறையும் என்பது எனக்குத் தெரியும். ஓய்வெடுங்கள் என்று எழுதுவது எளிது, மரக்கணக்குக்குக் கூலி வாங்குபவருக்கு அது எவ்வளவு கடினம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். 300 மரம் வெட்டி இரண்டு நாள் படுத்தால் மூன்று நாளைக்கு 300. தினமும் 100 வெட்டினாலும் அதே 300தான், படுக்கை மட்டும் இல்லை. ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டும் தோட்டம் என்றால், மரங்களை இரண்டாகப் பிரித்து வேறொருவருடன் பங்கு வைக்க முடியுமா என்று முதலாளியிடம் கேளுங்கள். இந்தக் கணக்கையும் காட்டுங்கள். வீட்டில் தண்ணீர் எடுப்பதும் துணி துவைப்பதும் கணவருக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் போகட்டும். மாமியாருக்கு இந்தப் பதிலை வாசித்துக் காட்டுங்கள். சிக்குன்குனியா பற்றி எழுதிய பகுதியை இரண்டு முறை.

பையனைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த ஓர் ஆய்வில், 18 மாதம் பள்ளி மூடியிருந்ததால் இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு, திறந்த ஆறு மாதத்தில் மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வி வகுப்புகளால் வந்தது. மீளாத அந்த மூன்றில் ஒரு பங்கு இழப்பின் மிச்சம் உங்கள் பையனிடம் இருக்கலாம். அவன் தினமும் 15 நிமிடம் உங்கள் அருகில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கட்டும். நீங்கள் படுத்துக்கொண்டே கேட்கலாம். எழுத்துகள் இடம் மாறுகின்றன, கரும்பலகை மங்குகிறது என்றால் கண்ணையும் பாருங்கள்.

நெஞ்சில் அழுத்தும் வலி, மயங்கி விழுவது, படுத்தால் மூச்சு முட்டுவது, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் - இவற்றில் எது வந்தாலும் நோட்டு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐ அழைத்து அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மற்றபடி 14 நாள் நோட்டையும், படுத்தும் நின்றும் எண்ணிய நாடிக் கணக்கையும் எடுத்துக்கொண்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்குப் போங்கள். கணவரையும் அதே நாளில் கூட்டிப்போங்கள். அவருடைய சீட்டை முதலில் எடுங்கள்.